பொன்கோடு விழுந்த குழாய்

பட்டறைப் பிள்ளைகளே, நான் வேலையை விட்டு நின்ற பிரியாவிடை அன்று எனக்கொரு சுவர்க்கடிகாரம் தந்தீர்கள். சந்தோஷம். இரண்டு வார்த்தை கதைக்கச் சொன்னீர்கள். நான் ஏலாது என்று சொல்லிவிட்டு றோல்ஸ் பலகாரத் தட்டுப் பக்கம் போய்விட்டேன். கோபத்தில் இல்லை. எழுந்து நின்று கதைத்தால் எனக்கு அழுகை வரும், கிறேஸ் அக்கா அழுதாள் என்று நீங்கள் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பீர்கள். அதனால்தான் எழுதித் தருகிறேன். வாசித்துவிட்டு எண்ணெய் துடைக்கப் பாவித்தாலும் எனக்குக் காரியமில்லை.

ஒரே ஒரு பிறேமைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இந்தப் பட்டறையில் நான் ஒட்டிய சைக்கிள் பிறேம்களில் பாதிக்கு மேல் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. உலோகத்தைப் பார்த்து நான் வாயடைத்து நின்றது அந்த வேலையில்தான். வாயடைத்து நிற்கிற ஆள் நான் இல்லையென்று உங்களுக்குத் தெரியும்.

பின்சுவரோடு ஒரு தண்டவாளத் துண்டு கிடக்கிறதே, நீங்கள் தேத்தண்ணீர்க் கோப்பை வைக்கிற இடம், அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். சண்டைக் காலத்தில் ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளமெல்லாம் பதுங்குகுழிக் கூரைகளுக்குப் போயின. ஒரு துண்டு எப்படியோ தேவராசா அண்ணையின் கைக்கு வந்தது. அவர்தான் இந்தப் பட்டறையைத் தொடங்கியவர். சண்டிலிப்பாயில் புகையிலை செய்த குடும்பம், பெரிய உடம்பு, வேர்வையில் திருநீறு கரையக் கரைய மறுபடியும் பூசிக்கொள்வார். அவர் அந்தத் தண்டவாளத்தின் மேல் இரும்புக் கால்களை நட்டு, குழாய்களை ஒட்டும்போது அசையாமல் பிடித்து வைத்திருக்கிற சட்டமாக மாற்றினார். குழாய்க்கும் காலுக்கும் இடையில் பனை வைரத்தில் செதுக்கிய ஆப்பை அடித்து இறுக்குவோம். எவ்வளவு இறுக்கம் என்பதற்கு எங்களிடம் அளவுகோல் கிடையாது. ஆப்பு பாட வேண்டும். அடிக்க அடிக்க ‘டொக்’ என்கிற சத்தம் மெல்ல மெல்ல உயர்ந்து, ஓரிடத்தில் மணி மாதிரித் தெளியும். அங்கே நிற்பாட்ட வேண்டும்.

நான் மெதடிஸ்த கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறவள். பற்றுச்சீட்டு எழுதத்தான் இங்கே வந்தேன். ஆப்பு சுருதிக்கு வரவில்லை என்று ஒருநாள் மேசையில் இருந்தபடியே சொல்லப்போய், தேவராசா அண்ணை என்னைச் சட்டத்தடிக்குக் கூப்பிட்டார். பிறகு நான் மேசைக்குத் திரும்பவேயில்லை.

நெருப்பு வைத்ததும் குழாய் நீளும், ஆப்பு முனகும். அந்த முனகல் எங்களுக்கு நல்ல சகுனம். “கேக்குதே கிறேஸ்? பிறேம் சொல்லுக் கேக்குது” என்று அண்ணை தலையாட்டுவார். ஒட்டி முடியும்வரை ஆப்பில் யாரும் கை வைக்கக் கூடாது. அது இந்தப் பட்டறையின் விதி. சாதாரண இரும்புக் குழாய் அதற்கு ஒருநாளும் எதிர்ப்புக் காட்டவில்லை. அந்தச் சட்டத்தில் ஏறி இறங்கிய பிறேம்கள் இன்றைக்கும் வலிகாமப் பகுதி முழுக்க ஓடுகின்றன. ஆகவே எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு, சண்டை முடிந்து பல வருஷத்துக்குப் பின், நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போன காலம் வந்தது. மோட்டார்சைக்கிள்களெல்லாம் வீட்டு முற்றங்களில் சீலை போர்த்திக்கொண்டு நின்றன. சைக்கிளுக்கு மரியாதை திரும்பியது. கொழும்பிலிருந்து சாமான் வராது, காஸ் சிலிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஆனால் பட்டறை வாசலில் ஆட்கள் நிரம்பி வழிந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒருநாள் றீற்றா வந்தாள், உடைந்த பிறேமை ஒரு ஓட்டோவின் பின்னால் கட்டிக்கொண்டு.

குருநகர் மீன்காரி றீற்றாவை உங்களுக்குத் தெரியும். அப்போதும் இதே குரல்தான், தெருவிலிருந்து பிரிகிற ஒழுங்கை முனையில் கூப்பிட்டால் கிணற்றடியில் நிற்கிறவளுக்குக் கேட்கும். ஷெல் விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலோடு குருநகரிலிருந்து ஆனைக்கோட்டை, மானிப்பாய் தாண்டிச் சண்டிலிப்பாய்வரை மீன் கொண்டுவந்து விற்பாள். பின்னால் பெட்டி கட்டினால் ஏறும்போது சாய்ந்துவிடும் என்பதால், அவளுக்குப் பெட்டி முன்னால், சின்னச் சில்லுக்கு மேலே தாழ்வாக இருக்க வேண்டும். காலைத் தூக்கிப் போட ஏலாது என்பதால் நடுக்குழாய் நிலத்தைத் தொடுகிற மாதிரி வளைந்து போக வேண்டும். ஐஸும் மீனுமாக முழுப் பாரமும் ஹாண்டில் நிற்கிற தலைக் குழாயின் மூட்டில்தான் இறங்கும். அந்த மூட்டின் மேலேயே நாள் முழுக்க மீன்தண்ணி சொட்டும். எந்த இரும்பும் அவளிடம் நிலைத்ததில்லை. கடைசிப் பிறேம் ஆனைக்கோட்டைச் சந்தியில் இரண்டாகப் போய், அவள் முகங்குப்புற விழுந்திருந்தாள். பின்னால் வந்த பஸ்காரன் பிரேக் பிடித்ததால் உயிரோடு எங்களிடம் வந்து கதைத்தாள், அவ்வளவுதான்.

“எனக்குத் துருப் பிடிக்காத பைப்பிலை செய்து தாங்கோ” என்றாள். “இனி ஒருக்கா விழ என்னட்டைப் பல்லில்லை.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அது நல்லூர் முருகன் கோயில் திருவிழா தொடங்கிய நேரம். கொடியேறினால் எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் மீனோ இறைச்சியோ, மச்சம் எதுவும் அடுப்பேறாது என்பதால் றீற்றாவுக்கு அந்த நாட்களில் வியாபாரம் படுத்துவிடும். ஆனால் எல்லாம் முடிந்து, கடைசிப் படையலான வைரவர் மடையும் கழிந்த மறுநாள் விடியற்காலை இருக்கிறதே, அன்றைக்கு ஊரே மீனுக்குக் காத்திருக்கும். பாரை, விளை, நண்டு, எதைக் கொண்டுவந்தாலும் வீட்டு வாசல் படலையடியிலேயே தீர்ந்துவிடும். அந்த முதல் விடியலில் யார் வருகிறாரோ, அடுத்த திருவிழாவரைக்கும் அந்த ஒழுங்கை அவருடையது. யார் வைத்த வழக்கமோ தெரியாது, எங்கள் ஊரில் அப்படித்தான். மாதகல் பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் மீன்காரன் ஏற்கெனவே அவளுடைய ஒழுங்கைகளைச் சுற்றத் தொடங்கியிருந்தான். அவளால் அவ்வளவு தூரம் நடக்க ஏலாது. பிறேம் அந்த விடியலுக்கு வராவிட்டால் வீடுகள் போய்விடும், வீடுகள் போனால் அவளுக்குச் சோறு இல்லை. அவசரமாகச் செய்து மூட்டு விட்டுப் போனால் ஆளே இல்லை. இரண்டும் எங்கள் தலையில்.

குருநகரில் உடைத்த ஒரு பழைய பயணிகள் படகின் கைபிடிக் குழாய்களை அவளே தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நல்ல ஸ்டெயின்லெஸ். நடுக்குழாய் வளைப்பதற்குத் தோதாக மூன்று துண்டு கிடைத்தது. அதற்கு மேல் ஒரு சாண்கூட இல்லை.

முதல் துண்டை வழக்கம் போலவே செய்தோம். குளிரிலேயே வளைத்தோம். சட்டத்தில் ஏற்றினோம். வளைவு கொஞ்சம் விலகி நின்றது. அண்ணை ஆப்பை அடித்து அடித்து அதை நேருக்குக் கொண்டுவந்தார். ஆப்பு வடிவாகப் பாடியது. காஸ் ஊதுகுழலைப் பற்றவைத்தேன். முனகல் வந்தது. சிவந்ததும் பித்தளைக் கம்பியைத் தொட்டேன். பித்தளை உருகி மூட்டைச் சுற்றி ஓடிய அந்த நொடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கைவிரல் சொடுக்குமே, அவ்வளவுதான்.

ஆறியதும் பார்த்தேன். வளைவின் வெளிப்புறத்தில், மூட்டிலிருந்து மேலே ஏறி, ஒரு பொன்கோடு. வெள்ளிக் குழாயில் தலைமயிர் அளவு தங்க இழை. பட்டுச் சேலைக் கரையிலும் அப்படி ஒரு நேர்த்தி கண்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு அது வடிவாக, அழகாகத்தான் பட்டது. அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன், கோடு போகவில்லை. இன்னும் ஆழமாக அராவினேன், அங்கேயும் கோடு. குழாய் பிளந்திருக்கிறது, பிளந்த அதே நேரத்தில் பித்தளையை உள்ளே உறிஞ்சிக் குடித்திருக்கிறது. சுத்தியலால் அடித்தாலும் நெளியுமே தவிர உடையாத குழாய் அது. இரண்டு விரல் அகலத்தில் உருகிய பித்தளை தொட்டதற்குத் திறந்துகொடுத்துவிட்டது.

அண்ணை நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவர். “மேலாலை இன்னுங் கொஞ்சம் ஓடவிட்டுத் தேச்சுப் பெயின்ற் அடிச்சா ஆருக்குத் தெரியும்?” என்றார்.

“ஆனைக்கோட்டைச் சந்திக்குத் தெரியும் அண்ணை” என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் இரும்பறுக்கிற வாளை எடுத்துவந்து மூட்டை அறுத்தார். அவரைப் பிழையாக நினைக்காதீர்கள். அவசரம் எல்லோர் வாயிலும் ஒருதரம் அந்தக் கேள்வியைப் போடும். உங்கள் வாயிலும் போடும். பதில் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பித்தளையில்தான் பிழை என்று நினைத்தோம். அது உருக வேண்டிய சூடு அதிகம். வெள்ளி கலந்த கம்பி அதைவிடக் குறைந்த சூட்டில் ஓடும். ஐஸ் ஆலைகளில் குளிர்க்குழாய் ஒட்டப் பாவிப்பார்கள். றீற்றா ஐஸ் எடுக்கிற ஆலையில் கெஞ்சி, கொஞ்சம் கம்பியும் அதற்குரிய வெள்ளைப் பசையும் வாங்கி வந்தாள். தேர் முடிந்த மறுநாள் இரண்டாவது துண்டை ஏற்றினோம். அதே வளைவு, அதே இறுக்கம், அதே பாட்டு. முனகல் வந்தது. வெள்ளி ஓடியது. ‘டிக்.’

அண்ணைக்குக் கேட்கவில்லை. ஆறியபின் இரண்டு பேரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தோம், ஒரு கோடும் இல்லை. வெள்ளியில் வெள்ளி. “உமக்கு அந்தச் சத்தம் மண்டைக்குள்ளை போயிட்டுது கிறேஸ்” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஊதுகுழலைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை, அதுவும் காஸ் தட்டுப்பாட்டுக் காலம். கைவிளக்கில் இருந்த மண்ணெண்ணெயில் ஒரு கரண்டி கேட்டேன். குழாயின் உள்ளே ஊற்றினேன். வெளியே பள்ளிக்கூடச் சோக்கைத் தூளாக்கிப் பூசினேன். இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளைத் தூளில் ஒரு ஈரப் புள்ளி. புள்ளி நீண்டது. யாரோ உள்ளேயிருந்து எழுதுகிற மாதிரி, முதல் குழாயில் பொன்கோடு போன அதே பாதையில், வளைவின் முதுகில் ஏறிப் போனது. அண்ணை சோக்குத் தூளில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்தார். “முருகா” என்று மட்டும் சொன்னார். நான் நெற்றியைத் துடைக்கக்கூட மறந்துபோனேன். கண்ணுக்குப் படாத ஒன்று இரண்டு தரமும் ஒரே வழியில் நடந்திருக்கிறது என்றால், அது தற்செயல் இல்லை. அந்தக் குழாய் எங்களுக்கு ஏதோ சொல்லுகிறது, நாங்கள்தான் செவிடர்களாக நிற்கிறோம் என்று பட்டது.

என்ன சொல்லுகிறது என்று அடுத்த நிமிடமே தெரிந்தது. அறுப்பதற்காக அண்ணை ஆப்பைத் தட்டி எடுத்தார். அந்தக் குழாய் ‘விண்’ என்று துள்ளியது. ஒரு விரல் அகலத்துக்கு விலகிப் போய் நின்று அதிர்ந்தது. இருவரும் பயந்து பின்னுக்குப் போனோம். இவ்வளவு நேரமும் அது சும்மா இருக்கவில்லை, எங்கள் ஆப்பை எதிர்த்து முழுப் பலத்தோடும் இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. குளிரில் வளைத்த வளைவுக்குள் ஒரு இழுவை, நேராக்க அடித்த ஆப்பால் இன்னொரு இழுவை. சாதாரண இரும்பு சூடு பட்டதும் தளர்ந்து கொடுத்துவிடும். இது கொடுக்கவில்லை. அப்படி இழுபட்டு நிற்கிற குழாயின் முதுகில் உருகிய உலோகம் பட்டால், அதற்குள் நெருங்கி நிற்கிற நுண்ணிய உலோக மணிகளுக்கு இடையில் புகுந்து பிரித்துவிடுகிறது. நாங்கள் நல்ல சகுனம் என்று தலையாட்டிய முனகல் இருக்கிறதே, அது வலியில் வந்த முனகல்.

அண்ணையிடம் இரண்டு விஷயம் கேட்டேன். வளைத்த பிறகு வளைவை முழுக்கச் சிவக்கக் காய்ச்சித் தானாக ஆறவிட வேண்டும், உள்ளே இருக்கிற இழுவை போகட்டும். ஆப்பு வேண்டாம். முதலாவதுக்கு உடனே ஓம் என்றார். இரண்டாவதுக்கு முடியவே முடியாது என்றார்.

“ஆப்பில்லாட்டிப் பிறேம் கோணும். முன்பெட்டிப் பாரத்தோடை கோணின பிறேமிலை ஒரு காலோடை அவ என்னெண்டு ஓடுறது? உடையாமல் கோணி விழுந்தால் உமக்குப் பறவாயில்லையோ?”

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். என் பக்கம் ஒரு நியாயம் இருந்தது, அவர் பக்கம் ஒரு நியாயம் இருந்தது, கையில் இருந்தது ஒரே ஒரு குழாய். கடைசியில், பாடாத அளவுக்கு இலேசாக ஆப்பு வைப்பது என்று முடிவானது. இரண்டு பேருக்கும் அரை மனம்.

வைரவர் மடைக்கு முதல் நாள், பூங்காவனத்து அன்று பின்னேரம் மூன்றாவது துண்டை ஏற்றினோம். றீற்றாவும் வந்துவிட்டாள். கவிழ்த்த மீன்பெட்டியில் இருந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “அக்கா, நான் வெளியிலை இருக்கட்டோ?” என்று கேட்டாள். “ஓடுறது நீர்தானே, இரும்” என்றேன்.

இடது கையில் ஊதுகுழல், வலது கையில் வெள்ளிக் கம்பி. மூட்டில் பூசிய பசை கொதித்து, வெளுத்து, பிறகு கண்ணாடி மாதிரித் தெளிந்தது. அது தெளிந்தால்தான் கம்பியைத் தொடலாம். தெளிந்த பிறகு அதிக நேரம் பொறுக்கவும் ஏலாது, பசை கருகிவிடும், கருகினால் வெள்ளி ஒட்டாது, குழாய் போச்சு. ஆகக் கையில் இருப்பது சில மூச்சு நேரம்தான். நான் கம்பியைக் கிட்டக் கொண்டுபோனேன்.

ஆப்பு முனகியது.

மெல்லிய சத்தம்தான். ஆனால் சுருதி ஏறிக்கொண்டிருந்தது. குழாய் நீண்டு நீண்டு ஆப்பின் மேல் சாய்கிறது. இன்னும் கொஞ்சத்தில் அது மணி மாதிரிப் பாடும், அப்போது கம்பி பட்டால் ‘டிக்’. எனக்கு அது ஏற்கெனவே காதில் கேட்டுவிட்டது என்றே சொல்லலாம். கம்பியைப் பின்னுக்கு இழுத்தேன். நெருப்பை எடுக்கவில்லை.

“அண்ணை, ஆப்பை எடுங்கோ.”

என் கை இரண்டிலும் வேலை. சுத்தியல் அவர் கையில். அவர் அசையவில்லை. தன் கையால் நட்ட கால்கள், தன் கையால் செதுக்கிய ஆப்பு, நெருப்பு நேரத்தில் தொடாதே என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த வாய். சிவந்த குழாயை விட்டுவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. பசையின் ஓரம் பழுப்பேறத் தொடங்கியது. செபமாலைச் சத்தமும் நின்றுவிட்டது.

“அண்ணை. எனக்குக் கேக்குது.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, குழாயையும் பார்க்கவில்லை. றீற்றாவின் காலைப் பார்த்தார். பிறகு சுத்தியலை ஓங்கி ஒரே அடி. ஆப்பு பறந்துபோய்ச் சுவரில் பட்டது.

குழாய் அசைந்தது. துள்ளவில்லை. அந்தச் சிவந்த வளைவு, நித்திரையில் ஆள் புரண்டு படுக்கிற மாதிரி, மெதுவாக, தானாக, ஒரு நெல்லளவு நகர்ந்து, தலைக் குழாயோடு இன்னும் நெருங்கிப் பொருந்தி நின்றது. நாங்கள் ஒருவரும் தொடவில்லை. என் உடம்பெல்லாம் மயிர் கூச்செறிந்தது. கோயிலில் எத்தனை தரம் பாடியிருக்கிறேன், ஒருநாளும் எனக்கு அப்படி வந்ததில்லை. கம்பியைத் தொட்டேன். வெள்ளி, வாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீர் போல மூட்டைச் சுற்றி ஓடி, மறுபக்கம் எட்டிப் பார்த்து, நின்றது.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லை. நெருப்பை அணைத்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. அண்ணை வழக்கம்போல வாளித் தண்ணீரை எடுக்கப் போனார், வேண்டாம், அது தன்பாட்டில் ஆறட்டும் என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டார். மூன்று பேரும் இருந்து, ஒரு குழாய் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை, வைரவர் மடை அன்று, மண்ணெண்ணெய் ஊற்றிச் சோக்குப் பூசினோம். தூள் காய்ந்தபடியே இருந்தது. நூல் பிடித்துப் பார்த்ததில் பிறேம் ஒரு நெல்லின் தடிப்புக்கு இடப்பக்கம் விலகியிருந்தது. அதைச் சில்லு பூட்டுகிற இடத்தில் அராவிச் சரிசெய்தோம். சில்லு, ஹாண்டில், முன்தட்டு எல்லாம் பூட்டியாயிற்று. இனிப் பாரம் ஏற்றி ஓடிப் பார்க்க வேண்டும். நான் பாரமாக அடுக்கக் கல்லுத் தேடிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் தேவராசா அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்தட்டில் ஏறி இருக்கிறார். மீன்பெட்டி வைக்கிற தட்டு. பழைய சைக்கிளிலிருந்து கழற்றிப் பூட்டியது, எத்தனை வருஷத்து மீன்தண்ணி அதில் ஊறியிருக்கும். கொடியேறிய நாளிலிருந்து மச்ச வாடை பட்டாலே தலை முழுகுகிற மனிதர்.

“அண்ணை, விரதமெல்லே!” என்று றீற்றா பதறிப்போனாள்.

“ஆப்பை எடுத்தது நான். பிறேம் விட்டால் நான்தான் விழவேணும், நீரில்லை. ஏறி மிதியும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் தாழ்ந்த குழாயைத் தாண்டிச் செயற்கைக் காலை வைத்து, ஏறி, மிதித்தாள். சைக்கிள் ஒருதரம் ஆடியது. பிறகு நேராகிவிட்டது. அவ்வளவு பெரிய மனிதரை முன்னால் வைத்துக்கொண்டு அவள் பட்டறை வாசலைத் தாண்டி, புகையிலைத் தோட்டத்து வளைவால் திரும்பி, குண்டும் குழியுமான ஒழுங்கைக்குள் இறங்கினாள். அண்ணை இரண்டு கையாலும் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியபடி போனார். கடைக்குப் போன சனமெல்லாம் நின்று பார்த்தது. நான் பின்னால் ஓடினேன், அந்த வயதில், அந்த ஒரு சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே. சங்கிலிச் சத்தம் கேட்டது. றீற்றா வெடித்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பள்ளத்தில் சில்லு விழுகிற ஒவ்வொரு தரமும் “முருகா” கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த விடியலில் மாதகல்காரன் வந்தபோது எங்கள் ஒழுங்கையில் றீற்றாவின் மீனை வெட்டிச் சட்டிகள் கழுவி முடிந்திருந்தன. பாவம், அவனிடம் நானும் கொஞ்சம் கணவாய் வாங்கினேன்.

அண்ணை பிறகு அந்தத் தண்டவாளத்தை நெருப்பு வேலைக்குத் தொடவில்லை. இலேசான புதுச் சட்டம் ஒன்று செய்தார், குழாய் நீண்டால் வழிவிடுகிற மாதிரி. நீங்கள் இன்றைக்கும் பாவிப்பது அதைத்தான். என்னிடம் வந்து, “நீர் சொன்னது சரி” என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை, மீன்தட்டில் ஏறி இருந்த ஆளிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? இப்போது கொழும்பில் மகளோடு இருக்கிறார். தொலைபேசி எடுத்தால் என் சுகத்தைக் கேட்பதற்கு முதல் அந்தப் பிறேமின் சுகத்தைக் கேட்பார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டெயின்லெஸ் வெடித்தால் கம்பியைத் திட்டாதீர்கள், காஸைத் திட்டாதீர்கள். முதலில் எங்கே இழுத்துக் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அது விரும்பாத இடத்தில் அதை நிற்பாட்டி வைத்துக்கொண்டு நெருப்புக் காட்டாதீர்கள். அந்த முனகல் கேட்டால் கையில் இருக்கிற வேலையை நிற்பாட்ட உங்களுக்குச் சில மூச்சு நேரம் கிடைக்கும். பக்கத்தில் நிற்கிறவன் “ஆப்பை எடு” என்று கத்தினால், ஏன் என்று பிறகு கேளுங்கள்.

இப்போது நான் வீட்டில்தான் இருக்கிறேன். காலையில் படலையடியில் றீற்றாவின் குரல் கேட்கும். சட்டியோடு கரண்டியையும் எடுத்துக்கொண்டு போவேன். கரண்டிக் காம்பால் அந்தத் தலை மூட்டில் ஒரு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்பேன். ஒரு பயமும் இல்லை. எத்தனையோ பாரம் ஏறி இறங்கிய பிறகும் அது அப்படியே தெளிவாகப் பதில் சொல்வதைக் கேட்க எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை.

“மீனைப் பாருங்கோ அக்கா, பிறேமை விடுங்கோ” என்று அவள் பேசுவாள்.

நான் இன்னொரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மீனைப் பார்ப்பேன்.